ஈரானோடு நம் கணக்கு: இந்திய இளையோர் கால்பந்து அணிகள், 1974 பாங்காக் முதல் 2025 அகமதாபாத் வரை

வலது விங்:
அகமதாபாத் ஆட்டத்தை எத்தனை பேர் முழுசாகப் பார்த்தீர்கள்? 2025 நவம்பர் 30, 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று, நமக்குக் கடைசி ஆட்டம். எதிரே ஈரான். ஜெயித்தால்தான் ஆசியக் கோப்பைக்காகச் சவுதிக்குப் போக முடியும். அதே தொடரில் லெபனானிடம் 0-2 தோற்றிருந்தோம், பாலஸ்தீனத்தோடு 1-1. நான் பெரிய நம்பிக்கையோடு உட்காரவில்லை. 19-வது நிமிடத்தில் ஈரான் கோல் அடித்ததும் வழக்கமான கதைதான் என்று நினைத்தேன்.

அப்புறம் நடந்ததுதான் இந்த இழையைத் தொடங்க வைத்தது. இடைவேளைக்குச் சற்று முன் டல்லால்முவோன் காங்டே பெனால்டியில் சமன் செய்தார். இடைவேளை முடிந்து சில நிமிடங்களில் குன்லெய்பா வாங்கெய்ராக்பம் இரண்டாவது. மீதி நேரம் முழுக்க ஈரான் அழுத்திக்கொண்டே இருந்தது, நம் பையன்கள் விடவில்லை. 2-1. விசில் அடித்தபோது என் கை நடுங்கியது, உண்மையாகவே.

ஈரானிடம் நம் இளையோர் அணிகளுக்கு நீளமான கணக்கு ஒன்று இருக்கிறது. 2016 கோவாவில் 0-3. 2018 மலேசியாவில் 0-0. இப்போது 2-1. அதற்கு முன்னால் உள்ளதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த அணிகளின் வரலாற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்க ஆசை.

பழைய ஸ்கோர் நோட்டு:
முன்னால் உள்ளது 1974. பாங்காக். ஆசிய இளையோர் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம், இந்தியா 2, ஈரான் 2. கோப்பையை இரண்டு நாடுகளும் பகிர்ந்துகொண்டன. நம் கேப்டன் ஹைதராபாத்தின் ஷப்பீர் அலி. ஆசிய அளவில் இந்திய ஆண்கள் இளையோர் அணி ஒன்று தூக்கிய கோப்பை அது ஒன்றுதான், இன்றுவரை.

அந்த ஈரான் யார் என்று தெரிந்தால்தான் அதன் எடை புரியும். 1973, 74, 75, 76 என்று நான்கு வருடம் தொடர்ந்து அந்தப் பட்டத்தில் ஈரானின் பெயர் இருக்கிறது. 73-ல் தனியாக, மற்ற மூன்றிலும் பகிர்ந்து. ஆசியாவில் அந்த வயதில் அவர்களை அசைக்க ஆள் இல்லாத காலம். அவர்களோடு சரிக்குச் சமமாக நின்றவர்கள் நம் பையன்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பல வருடமாக மனதில் கிடக்கிறது. ஃபிஃபாவின் இளையோர் உலகப் போட்டி 1977-ல்தான் துனிசியாவில் தொடங்கியது. ஆசியாவிலிருந்து ஈரானும் ஈராக்கும் போயின. 1974-ல் அப்படி ஒரு போட்டியே கிடையாது. நம்முடைய மிகச் சிறந்த இளையோர் அணி, போவதற்கு ஓர் உலகக் கோப்பை இல்லாத வருடத்தில் பிறந்துவிட்டது. மூன்றே வருட வித்தியாசம்.

மாலை மைதானம்:
ஐயா, 1974 பற்றி நீங்கள் எழுதியதில் பாதி எனக்குத் தெரியாது. நன்றி. ஆனால் "மூன்றே வருட வித்தியாசம்" என்பதோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1977-ல் போட்டி வந்தது, சரி. 79-ல் வந்தது, 81-ல் வந்தது, அதற்குப் பிறகும் வந்துகொண்டேதான் இருக்கிறது. 20 வயதுப் பிரிவில் இன்றுவரை நாம் ஒருமுறைகூடப் போகவில்லை. 2006-ல் ஆசிய இளையோர் போட்டியை நாமே நடத்தினோம், அதற்குப் பிறகு அந்தப் பிரிவின் ஆசியப் பிரதானச் சுற்றையே தொடவில்லை. நேரம் சரியில்லை என்று ஒரு தடவைக்குச் சொல்லலாம். அரை நூற்றாண்டுக்குச் சொல்ல முடியாது.

பழைய ஸ்கோர் நோட்டு:
ஏற்கிறேன் தம்பி. நான் சாக்குச் சொல்ல வரவில்லை. அந்தப் பதினோரு பேருக்கும் சேர வேண்டிய மரியாதை சேரவில்லை என்ற ஆதங்கம்தான்.

டெல்லி கேலரி:
2017-ஐ, நாமே நடத்திய 17 வயது உலகக் கோப்பையை, யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். நானே எழுதுகிறேன். அக்டோபர் 9, டெல்லி ஜவாஹர்லால் நேரு மைதானம். நான் அங்கே இருந்தேன். வேலைக்கு விடுப்புப் போட்டு, இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து போனேன்.

மூன்று நாளைக்கு முன் அமெரிக்காவிடம் 0-3. ஜோஷ் சார்ஜென்ட் பெனால்டியில் தொடங்கினார். அந்தத் தோல்வி யாரையும் ஆச்சரியப்படுத்தவில்லை. கொலம்பியா ஆட்டம் வேறு மாதிரி. முதல் பாதி முடியும் நேரத்தில் ராகுல் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த 'டங்' சத்தம் மேலே கடைசி வரிசைவரை கேட்டது. இடைவேளைக்குப் பிறகு 49-வது நிமிடத்தில் ஹுவான் பெனாலோசா அடித்தார். 0-1.

82-வது நிமிடம். சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் எடுக்கிறார். உயரமான ஒரு பையன் எல்லாருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டினான். ஜீக்சன் சிங். ஃபிஃபா உலகக் கோப்பை எந்த வயதுப் பிரிவாக இருந்தாலும், ஓர் இந்தியர் அடித்த முதல் கோல் அதுதான். பக்கத்தில் இருந்த, அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன்.

83-வது நிமிடம். பெனாலோசா மறுபடி. 1-2.

ஒரு நிமிடம்தான் சமமாக இருந்தோம். பையன்கள் இன்னும் கோலைக் கொண்டாடும் மனநிலையில் இருந்தார்கள், கொலம்பியா நடுவட்டத்தில் பந்தை வைத்து நேராகக் கிளம்பிவிட்டது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது ஆட்டம் கானாவிடம் 0-4, அதில் கடைசி இரண்டும் 86, 87-வது நிமிடங்களில். பையன்களின் காலில் பலம் தீர்ந்துவிட்டது, வேறொன்றும் இல்லை.

சின்னப் பசங்க கோச்:
டெல்லி கேலரி அண்ணா சொன்ன அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி ஒரு பயிற்சியாளராகச் சொல்கிறேன். கோல் அடித்தவுடன் வரும் அடுத்த இரண்டு நிமிடம் எப்போதுமே ஆபத்து. எங்கள் குட்டிப் பையன்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதுதான். ஆனால் சொல்லி வருவதில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் அடி வாங்கித்தான் வரும். கொலம்பியாப் பையன்கள் தென் அமெரிக்கப் போட்டியில் பிரேசில், அர்ஜென்டினா என்று மோதிவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்குச் சமநிலை ஆகிவிட்டது என்பது ஒரு செய்தியே இல்லை, பந்தை எடுத்து வைத்து அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். நம் பையன்களுக்கு அது வாழ்நாளின் மிகப் பெரிய கணம்.

அந்த அணியைத் தயார் செய்ததில் வெளிநாட்டுப் பயணங்கள் நிறைய இருந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் பயிற்சியாளர் நடுவில் மாறினார். நிகோலாய் ஆடம் 2017 தொடக்கத்தில் போனார், போர்ச்சுகல்காரர் நார்டன் டி மாடோஸ் மார்ச்சில் வந்தார். உலகக் கோப்பை அக்டோபரில். புது மனிதர் பையன்களின் பெயரைப் பழகவே ஒரு மாதம் ஆகும். ஏழு மாதத்தில் அவர் செய்தது பெரிய காரியம் என்றுதான் நான் சொல்வேன்.

வலது விங்:
2016 கோவாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், 2017 அணியின் முதல் பெரிய தேர்வு அதுதான். ஆசிய 16 வயதுப் போட்டி, நடத்தியது நாம். யு.ஏ.இ.யிடம் 2-3, சவுதியோடு 3-3, ஈரானிடம் 0-3. முதல் இரண்டில் ஐந்து கோல் அடித்திருக்கிறோம்! ஈரான்தான் முழுசாகக் கதவைச் சாத்தியது. அந்த ஈரான் இறுதிவரை போய் ஈராக்கிடம் பெனால்டியில் தோற்றது.

இரட்டை டேக்கிள்:
எல்லாரும் 2017, 2017 என்கிறீர்கள். என் மனதுக்கு நெருக்கமான அணி 2018-ன் 16 வயது அணி. போட்டியை நடத்துகிற நாடு என்று 2017-ல் கிடைத்த மாதிரி அந்த அணிக்கு உலகக் கோப்பை இலவசமாகக் கிடைக்கவில்லை. பிபியானோ பெர்னாண்டஸ் பயிற்சியாளர். மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் வியட்நாமை 1-0, விக்ரம் பிரதாப் சிங்கின் பெனால்டி, அதுவும் ஆட்டம் முடியும் நேரத்தில். ஈரானோடு 0-0. இந்தோனேசியாவோடு 0-0, அத்தனை பேர் அவர்களுக்காகக் கத்துகிற மைதானத்தில். குழுச் சுற்றில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஒன்றுகூட!

காலிறுதி தென் கொரியாவுடன். ஜெயித்தால் 2019 உலகக் கோப்பை. கோல்கீப்பர் நீரஜ் குமார் அன்று நின்ற மாதிரி நம் ஆள் ஒருவர் நின்று நான் பார்த்ததில்லை. 68-வது நிமிடத்தில் ஒரு ஷாட்டை அவர் தட்டிவிட, திரும்பி வந்த பந்தை ஜியோங் சாங்-பின் உள்ளே தள்ளினார். 0-1. முடிந்தது.

கொரியா அந்த உலகக் கோப்பையில் காலிறுதிவரை போனது. அதே மலேசியாவில் தஜிகிஸ்தான் இறுதி ஆட்டம்வரை போய் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது, அங்கே கேமரூனை 1-0 தோற்கடித்தது. தஜிகிஸ்தான்! நமக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்தது ஒரு கோல்தான்.

பழைய ஸ்கோர் நோட்டு:
மாலை மைதானம் தம்பி கோபிக்க வேண்டாம், மறுபடி நேரம் பற்றித்தான். 2025-லிருந்து 17 வயது உலகக் கோப்பை 48 அணிகள் ஆகிவிட்டது, வருடத்துக்கு ஒருமுறை. இப்போது ஆசியப் போட்டியில் காலிறுதிக்கு வந்தாலே உலகக் கோப்பைக்குப் போய்விடலாம். 2018 அணி காலிறுதிக்கு வந்த அணி. இன்றைய விதியில் அவர்கள் கொரியாவோடு ஆடுவதற்கு முன்பே தகுதி பெற்றிருப்பார்கள். 1974-ல் மூன்று வருடம், 2018-ல் ஏழு வருடம்.

மாலை மைதானம்:
ஐயாவிடம் எனக்கு ஏன் கோபம். இந்த ஒப்பீடு என்னையும் உலுக்கியது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கதவு பெரிதாகிவிட்டது, அந்தக் கதவு வழியாக நாம் எத்தனை முறை போக முயன்றோம்? 2020 போட்டி கொரோனாவில் நின்றுபோனது, அதை விடுங்கள். 2023-ல் தாய்லாந்து: வியட்நாம் 1-1, உஸ்பெகிஸ்தான் 0-1, ஜப்பான் 4-8. 2025-க்குத் தகுதியே பெறவில்லை, தாய்லாந்திடம் 2-3 தோற்று வெளியே. அதே காலத்தில் தெற்காசிய அளவில் பாருங்கள். சாஃப் போட்டியில் 2019-ல் கல்யாணியில் நேபாளத்தை 7-0, 2022-ல் கொழும்பில் 4-0. 2023, 2024, 2025 மூன்றும் நாம்தான், மூன்று இறுதியிலும் எதிரே வங்கதேசம். கடைசி ஒன்று மட்டும் 2-2 ஆகிப் பெனால்டிக்குப் போனது. கோப்பை மேல் கோப்பை. பத்திரிகையில் படம் வருகிறது, வரவேற்பு நடக்கிறது. ஆசியாவில் போய் நின்றால் மூச்சு வாங்குகிறது. 7-0 ஜெயிக்கும் ஆட்டத்தில் ஒரு டிஃபன்ஸ் ஆட்டக்காரன் என்ன கற்றுக்கொள்ளப் போகிறான்? கெட்டிக்கார ஸ்ட்ரைக்கர் ஒருவனை மாதத்துக்கு இரண்டு முறை எதிர்கொண்டால்தான் அவனுக்குக் கால் வைக்கும் இடம் தெரியும்.

சின்னப் பசங்க கோச்:
அந்த 4-8 ஆட்டத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். எல்லாரும் எட்டைத்தான் எண்ணுகிறார்கள். ஜப்பான் அந்த வருடச் சாம்பியன், இறுதியில் கொரியாவை 3-0 அடித்தது. அந்த ஜப்பானுக்கு எதிராக நாம் 4 கோல் போட்டிருக்கிறோம். பந்தோடு முன்னே போகத் தெரிகிறது. பந்து போன பிறகு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அதுதான் மாலை மைதானம் சொல்கிற விஷயம், அப்படியே ஒத்துப்போகிறேன்.

உஸ்பெகிஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் 1-0 தான் ஜெயித்தார்கள். சில மாதம் கழித்து அதே பிரிவின் உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார்கள். 2012-லும் 2025-லும் இந்த ஆசியப் பட்டம் அவர்களுக்கு. 2023-ல் 20 வயதுப் பட்டமும். இப்போது பெரியவர்கள் அணி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது. ஒரே ஓர் அணியை ஊட்டி வளர்த்தால் இது வராது. 2012 பையன்களுக்குப் பின்னால் அடுத்த வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை என்று நிற்க வேண்டும். நமக்கு 2018-ல் ஒரு வரிசை கிடைத்தது, பின்னால் திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை.

இரட்டை டேக்கிள்:
2018 என்றதும் இன்னொன்று. ஆகஸ்ட் 5. ஒரே நாளில் இரண்டு ஆட்டம். ஜோர்டானில் நம் 16 வயது அணி, அப்போதைய ஆசியச் சாம்பியன் ஈராக்கை 1-0, கடைசியில் கூட்டிக் கொடுத்த நேரத்தில் புவ்னேஷ் சேந்த்ரேயின் ஹெட்டர். ஸ்பெயினில் 20 வயது அணி அர்ஜென்டினாவை 2-1! நான்காவது நிமிடத்தில் தீபக் தாங்ரி, 68-ல் அன்வர் அலியின் ஃப்ரீ கிக். அனிகேத் ஜாதவ் சிவப்பு அட்டை வாங்கியதால் பத்து பேரோடு ஆடி ஜெயித்த ஆட்டம். எதிரணிப் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி, நான்கு வருடம் கழித்து கத்தாரில் உலகக் கோப்பை தூக்கியவர்.

மாலை மைதானம்:
அழகான இரவு, நானும் தூங்கவில்லை. ஆனால் பதிவுக்காக: ஸ்பெயின் ஆட்டம் கோட்டிஃப் என்ற அழைப்புப் போட்டியில் நடந்தது, அதே தொடரில் மௌரிட்டானியாவிடம் 0-3 தோற்றோம். அந்தத் தொடரை ஜெயித்ததும் அர்ஜென்டினாதான்.

இரட்டை டேக்கிள்:
உண்மை. இரண்டும் இருக்கட்டும் இழையில்.

வியாசர்பாடிப் பந்து:
2017 அணியின் 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்க்காரர்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லை. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை, மணிப்பூரைப் பார்த்து வியந்து சொல்கிறேன். சின்ன மாநிலம், ஊருக்கு ஊர் மைதானம், சங்கத்துக்குச் சங்கம் போட்டி. அகமதாபாத்தில் கோல் அடித்த குன்லெய்பாவும் அந்த மண்தான்.

நம் பக்கம் பையன் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவில் வளர்ந்து பெரிய கிளப்புகள்வரை போனவர்கள் இருக்கிறார்கள். 13, 14 வயதில் அவர்களைப் பார்க்க யார் வருகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. என் தம்பி மகனை ஒரு தேர்வு முகாமுக்கு அழைத்துப் போனேன். இருநூறு பையன்கள், ஆளுக்குப் பத்து நிமிடம் ஆட்டம். அதில் அவன் காலுக்குப் பந்து வந்தது மூன்று முறை. அதை வைத்து முடிவு. அழுதுகொண்டே வந்தான். பத்து நிமிடத்தில் ஜீக்சனையும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

டெல்லி கேலரி:
2017 பையன்கள் வீணாகப் போனார்கள் என்று அடிக்கடி கேட்கிறேன், அதனால் சொல்கிறேன். ஜீக்சன், சுரேஷ் சிங், அபுயா என்று நாம் கூப்பிடும் லாலெங்மாவியா, அன்வர் அலி, அமர்ஜித். இவர்கள் எல்லாரும் பெரியவர்கள் அணிக்கு ஆடிவிட்டார்கள். அன்வர் இதயக் கோளாறு காரணமாக ஆடக் கூடாது என்று நிறுத்தப்பட்டு, நீதிமன்றம்வரை போய்த் திரும்பி வந்தவர். அர்ஜென்டினாவுக்கு எதிராக அந்த ஃப்ரீ கிக் அடித்த அதே கால்.

அவர்களைக் காப்பாற்றியது இந்தியன் ஆரோஸ் என்பேன். உலகக் கோப்பை முடிந்த கையோடு அந்தப் பையன்களை ஓர் அணியாகவே பெரியவர்கள் ஆடும் ஐ-லீக் போட்டியில் இறக்கினார்கள். முதல் ஆட்டத்தில் சென்னை சிட்டியை 3-0 ஜெயித்தார்கள், நம் ஊர் அணியாக இருந்தாலும் அன்று என்னால் வருத்தப்பட முடியவில்லை. தோற்றும் ஜெயித்தும் பெரியவர்களோடு முட்டி மோதி வளர்ந்தார்கள். 2022-ல் அதை மூடிவிட்டார்கள். அடுத்த வரிசைக்கு அந்த இடம் இல்லை. கோச் சொன்ன "பின்னால் ஆள் இல்லை" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீல ஜெர்சி மலர்:
இவ்வளவு நீளமான இழை, இதுவரை யாரும் பெண்கள் அணியைத் தொடவில்லை. வருத்தமாக இருக்கிறது, அதனால் நான் எழுதுகிறேன்.

2022 அக்டோபர், புவனேஸ்வர், 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை. அமெரிக்கா 0-8, மொராக்கோ 0-3, பிரேசில் 0-5. எண்களை மட்டும் பார்த்தவர்கள் சிரித்தார்கள். 2020-ல் நடக்க வேண்டிய போட்டி கொரோனாவில் தள்ளிப்போய், பிறகு ரத்தாகி, அந்த வயதுப் பெண்கள் வயதைத் தாண்டிப் போய்விட, புது அணியை எடுக்க வேண்டி வந்தது. போட்டிக்கு இரண்டு மாதம் முன் ஃபிஃபா நம் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது, போட்டி போய்விடும் என்ற நிலை. அந்த நாட்களில் முகாமில் இருந்த பெண்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் 2025-ஐப் பாருங்கள். ஆகஸ்டில் யாங்கூனில் 20 வயது அணி மியான்மரை 1-0 வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி, இருபது வருடத்துக்குப் பிறகு. அக்டோபரில் பிஷ்கெக்கில் 17 வயது அணி உஸ்பெகிஸ்தானை 2-1 வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி, தகுதிச் சுற்று ஆடிப் போவது அந்தப் பிரிவில் இதுவே முதல் தடவை. அகமதாபாத் நவம்பரில். பெண்கள்தான் முதலில் போனார்கள்.

வலது விங்:
தலைப்பைப் போடும்போது நானே பையன்களை மட்டும் நினைத்தேன். தவறு என்னுடையது. மலர், நன்றி.

மாலை மைதானம்:
பிஷ்கெக் ஆட்டத்தில் முதலில் கோல் வாங்கிவிட்டுத்தானே ஜெயித்தார்கள்? அகமதாபாத்திலும் அப்படியே. 2017-ல் ஒரு நிமிடத்தில் உடைந்த அணிகளைப் பார்த்த எனக்கு இது புதிது. வருடக் கணக்கு, விதி மாற்றம் எல்லாவற்றையும்விட இதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

நீல ஜெர்சி மலர்:
ஆமாம், பின்தங்கி இருந்துதான் ஜெயித்தார்கள்.

சின்னப் பசங்க கோச்:
நேற்று ஞாயிறு. பயிற்சி முடிந்ததும் பையன்களை உட்கார வைத்து மடிக்கணினியில் ஈரான் ஆட்டத்தின் இரண்டாம் பாதியைப் போட்டேன். கோல் அடித்த பிறகு அந்த இரண்டு நிமிடம் நம் ஆட்கள் எப்படி நிற்கிறார்கள் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். 1974, கோவா, மலேசியா எல்லாவற்றையும் இந்த இழையிலிருந்து எடுத்துச் சொன்னேன். பாதிப் பேருக்குக் கவனம் இல்லை, தண்ணீர் பாட்டிலை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் லெஃப்ட் பேக், பதினொரு வயது, கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏண்ணா, ஈரான்னா அவ்ளோ பெரிய டீமா?"